பிரிவினைக்கு ஆளுக்கொரு நீதியா?

கேள்வி: நாங்கள் இணையத்தில் ஆடும் அரசியல் விளையாட்டில் ஒரு மாகாணம் தனிநாடாகப் பிரிவதாக அறிவித்ததும், நிர்வாகி அதன் ஆளுநரின் கணக்கையே முடக்கிவிட்டார். சென்ற சுற்றில் நிர்வாகியின் கட்சிக்காரர் இதையே செய்தபோது அவர் கண்டுகொள்ளவில்லை. இது முறையா?

பதில்: முறையே அல்ல. பிரிவினைக்குத் தடை விதிக்கலாம். ஆனால் அந்த விதி ஆட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் இருந்து, வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் எல்லாருக்கும் பொருந்த வேண்டும். ஆட்டத்துக்குள் ஓர் ஆளுநர் அரசமைப்பை மீறுவது வேறு, ஆடுபவர் விளையாட்டின் விதியை மீறுவது வேறு. முன்னதை ஆட்டத்தின் நீதிமன்றம் விசாரிக்கட்டும். கணக்கு முடக்கம், இரட்டைக் கணக்கில் வாக்களிப்பது போன்ற பின்னதற்கே உரியது. கனடாவின் கியூபெக் மாகாணம் பிரிந்துபோவது தொடர்பாக 1998-இல் கருத்துரைத்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு மாகாணம் தன்னிச்சையாகப் பிரிய உரிமையில்லை என்றும், தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர்கள் என்றும் கூறியது. இவ்விரண்டையும் சேர்த்தே உங்கள் விதியாக்குங்கள், ஏனெனில் வெறும் தடை ஆட்டத்தின் உயிரையே பறித்துவிடும். தாமும் ஒரு கட்சியில் ஆடும் நிர்வாகி இத்தகைய புகாரைத் தொடவே கூடாது. மேல்முறையீட்டை ஆட்டத்தில் இல்லாத ஒருவர் கேட்கட்டும். அதுவரை அந்த ஆளுநரின் கணக்கைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.