ஜனவரி 25-க்கு என்ன சிறப்பு?

கேள்வி: குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், என் மகள் படிக்கும் கல்லூரியில் வாக்காளர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்களாம். விடுமுறையும் இல்லாத, பலரும் அறியாத இந்த நாள் எப்படி வந்தது?
(வாசகி, தேனி)

பதில்: அது தேசிய வாக்காளர் தினம். இந்தியத் தேர்தல் ஆணையம் 1950 ஜனவரி 25 அன்று அமைக்கப்பட்டதை நினைவுகூர்ந்து, 2011 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அரசியலமைப்பின் பெரும்பாலான பிரிவுகள் மறுநாள்தான் நடைமுறைக்கு வந்தன என்றாலும், ஆணையத்துக்கு வழிசெய்யும் 324-ஆம் பிரிவு 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்ட மிகச் சில பிரிவுகளுள் ஒன்று. அதனால்தான் குடியரசு பிறப்பதற்கு முன்பே ஆணையம் பிறக்க முடிந்தது.

பிறந்த ஆணையத்தின் முன்னால் மலைபோல் நின்றது வாக்காளர் பட்டியல். சொத்தும் படிப்பும் பார்த்து வாக்குரிமை தந்த ஆங்கிலேயர் காலத்து முறை போய், 21 வயது நிரம்பிய அனைவருக்கும் உரிமை வந்ததால், சுமார் 17 கோடிப் பேரை வீடு வீடாகச் சென்று பதிய வேண்டியிருந்தது. அப்போது வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள், அந்நியரிடம் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாமையால், ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டுமே பதியப்பட்டிருந்தார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயரைத் தர அவகாசம் அளித்த பிறகும் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அத்தனை பேர் முதல் பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போனது பெரும் இழப்புதான். ஆயினும், ஒரு பெண் தன் பெயரிலேயே குடிமகளாக இருக்க வேண்டும் என்ற அந்த உறுதியை நான் மதிக்கிறேன்.

வாக்களிக்கும் வயது 1989-இல் 18 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த வயதை எட்டியவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்க ஆர்வம் காட்டாததைக் கண்டுதான் ஆணையம் இந்நாளைத் தொடங்கியது. இளம் வாக்காளர்களுக்கு அடையாள அட்டை வழங்குவதே அன்றைய நிகழ்ச்சிகளில் முக்கியமானது. உறுதிமொழி அதன் ஒரு பகுதி.

முன்பு, 18 வயது நிரம்பியதா என்று கணக்கிடும் தகுதி நாளாக ஜனவரி 1 மட்டுமே இருந்தது. இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளும் தகுதி நாள்களே. உங்கள் மகளுக்கு 17 வயது நிரம்பியிருந்தால், பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.