கேனனெட்டா, யாஷிகாவா?

வணக்கம். அழகர் வைகையில் இறங்கும் விடியலைப் பிலிமில் எடுக்க, கேனனெட் கியூஎல்17 ஜி3, யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் ஆகிய பழைய பிலிம் கேமராக்களுள் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் கேனனெட்டையே சொல்வேன். இரண்டின் லென்ஸும் ஒரே அளவு ஒளியை உள்ளேவிடும் எஃப் 1.7 தான், ஆனால் யாஷிகாவின் ஷட்டர் பேட்டரியை நம்பியிருப்பதால், அது தீர்ந்துவிட்டால் ஷட்டர் வேகம் 1/500 நொடி மட்டுமே மிஞ்சும், அவ்வளவு குறைந்த நேரத்தில் போதிய ஒளி விழாது என்பதால் அந்த அரையிருட்டில் அதனால் பயனில்லை. கேனனெட்டிலோ பேட்டரியே இல்லாமலும், மதுரை ஏ.வி. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, 1/30 நொடியில் எடுக்கலாம். (கையால் அமைக்கும்போது அதன் ஒளிமானி எப்படியும் இயங்காது, ஒளியை அளக்கக் கைபேசிச் செயலியே போதும்.)

வாங்குமுன் ஃபோகஸ் வளையத்தை முடிவிலி (∞) குறிவரை திருப்பி, தொலைவிலுள்ள கோபுரக் கலசத்தைக் கேமராவின் கண்ணாடி வழியே பாருங்கள். இரட்டைப் பிம்பம் ஒன்றாகச் சேராவிட்டால் ரேஞ்ச்ஃபைண்டரை (தொலைவைக் கணித்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பை) சரிசெய்யவேண்டியிருக்கும். பின்கதவில் ஒளி புகாமல் தடுக்கும் பஞ்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அஞ்சவேண்டாம், அதை மாற்றிவிடலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.