இரண்டு விநாடியும் அரை மணி நேரமும்

கேள்வி: 1969 லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில், 1964இல் களமிறங்கிய பழைய ஃபோர்டு ஜிடி40, புதிய போர்ஷேயை வெறும் 120 மீட்டரில் முந்தியது. இது அதிர்ஷ்டம்தானே?

பதில்: 120 மீட்டரை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிட்டில், அதாவது பாதையோரம் பழுதுபார்க்கும் இடத்தில், கழிந்த நேரத்தையும் பாருங்கள். ஜெயித்த ஜிடி40 ஓடியது 372 சுற்று, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 208. அந்த வேகத்தில் 120 மீட்டர் என்பது இரண்டு விநாடி. இரண்டாவதாக வந்த ஹெர்மன், லாரூஸ் ஜோடியின் போர்ஷே 908 முன்சக்கரக் கோளாறால் பிட்டில் நின்றது சுமார் அரை மணி நேரம். அதாவது ஏழெட்டுச் சுற்று. அதை மீட்டு வந்த வண்டியை வேகமில்லாதது என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று. பந்தயம் தொடங்கும்போது ஓட்டுநர்கள் பாதையின் குறுக்கே ஓடிப்போய் வண்டியில் ஏறுவது அன்றைய வழக்கம். அவசரத்தில் பெல்ட் மாட்ட முடியாது. அதைக் கண்டித்து, ஜெயித்த ஜிடி40இன் ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் நடந்தே போனார். பெல்ட்டை நிதானமாக மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அதில் போனது நிச்சயம் இரண்டு விநாடிக்கு மேல். (முதல் சுற்றிலேயே, போர்ஷேயின் இன்னொரு மாடலான 917ஐ ஓட்டிய ஜான் வுல்ஃப் விபத்தில் இறந்தார். 1970இல் ஓட்டுநர்கள் பெல்ட் மாட்டி உட்கார்ந்த நிலையில்தான் பந்தயம் தொடங்கியது.)

'பழையது' என்கிறீர்களே, அதுதான் அதன் பலம். 1964இல் லெ மானுக்கு வந்த மூன்று ஜிடி40களும் பாதியில் நின்றன: இரண்டு கியர்பாக்ஸ் போய், ஒன்று தீப்பிடித்து. அந்த நோய்களெல்லாம் 1969க்குள் கண்டு தீர்க்கப்பட்டுவிட்டன. ஜான் வையரின் பந்தய அணி ஓட்டிய இதே சேசிஸ்தான் (அடிச்சட்டம்), அதாவது இதே வண்டிதான், 1968இலும் ஜெயித்தது. புஷ்ராடு (வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டு) வைத்த 4.9 லிட்டர் வி8 எஞ்சினில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் நாள் முழுக்க ஓடும். 12 சிலிண்டர் 917 அதைவிட எவ்வளவோ வேகமானது. எல்ஃபோர்டும் அட்வுட்டும் ஓட்டிய 917 வெகுநேரம் முன்னிலையில் இருந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் மிச்சமிருக்கையில் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பழுதாகி நின்றது. அது நின்றிருக்காவிட்டால் இக்ஸ் தோற்றிருப்பார், மறுக்கவில்லை.

கடைசி மணி நேரத்தில் 908இன் பிரேக் பேட் தேய்ந்த எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாற்ற நின்றால் பந்தயம் போய்விடும். நிற்காவிட்டால் வளைவுக்கு வெகு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும். இக்ஸ் கடைசிச் சுற்றில், முல்சான் நேர்பாதையில் ஹெர்மனை வேண்டுமென்றே முன்னே விட்டு, அவர் வண்டிக்குப் பின்னால் காற்றெதிர்ப்புக் குறைந்த இடத்தில் ஒட்டிவந்து, வளைவுக்கு முன்னால் தாண்டினார்.

மறுவருடம் 917லேயே ஹெர்மனும் அட்வுட்டும் ஜெயித்தார்கள். வையரும் அதற்குள் ஜிடி40ஐ விட்டு 917க்கு மாறியிருந்தார்.