விண்மீன் காற்று: இம்முறை வந்த கேள்விகள்

மேற்பரப்பிலிருந்து வாயுவாக வீசும் காற்றில் ஒரு நட்சத்திரம் ஆண்டுக்கு எவ்வளவு நிறை இழக்கும்?

எந்த நட்சத்திரம்? சூரியன் என்றால் தன் நிறையில் நூறு லட்சம் கோடியில் இரண்டு பங்கு. O வகை, அதாவது மிகச் சூடான, பெருநிறை விண்மீன் என்றால் ஒரு சூரிய நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கூடக்குறைய. உல்ஃப்-ராயே, அதாவது வெளி அடுக்குகளை இழந்த சூடான பெருநிறை விண்மீன் என்றால் அதைப்போல் பத்து மடங்கு. வகையைச் சொல்லிக் கேளுங்கள்.

சூடான விண்மீனின் காற்றை ஒளிதான் தள்ளுகிறதாம். நிறையே இல்லாத ஒளி வாயுவை எப்படித் தள்ளும்?

உந்தம் இருக்கிறதே, அது போதும். இரும்பு, கார்பன், நைட்ரஜன் அயனிகள் தங்களுக்குரிய அலைநீளத்தில் புறஊதா ஒளியை விழுங்கி வெளிப்பக்கம் உந்தப்படுகின்றன. திரும்ப உமிழும்போது எல்லாத் திசையிலும் உமிழ்வதால் அந்த உந்தல் ரத்தாவதில்லை. மோதி மோதி ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் கூடவே இழுத்துப் போகின்றன. வேகம் ஏற ஏற டாப்ளர் விளைவால் அவை விழுங்கும் அலைநீளம் (நிறமாலைக் கோடு) நகர்ந்து, இன்னும் விழுங்கப்படாத ஒளி கிடைக்கும். நொடிக்கு 2,000 கி.மீ. வருவது இப்படித்தான். காஸ்டர், அபட், க்ளைன் என்ற வானியற்பியலாளர்கள் 1975-இல் இதைக் கணக்காக்கினார்கள்.

ஒரே விண்மீனின் நிறை இழப்புக்கு இரண்டு கட்டுரைகளில் மூன்று மடங்கு வித்தியாசம். எது சரி?

எந்த ஆண்டுக் கட்டுரைகள், எந்த முறையில் அளந்தவை என்று எழுதவில்லை. இதைத்தான் எப்போதும் கேட்கிறேன், யாரும் எழுதுவதில்லை. சரி, ஊகித்துச் சொல்கிறேன். ஹைட்ரஜனின் H-ஆல்ஃபா என்ற சிவப்பு ஒளி உமிழ்வும் ரேடியோ உமிழ்வும் அடர்த்தியின் இருமடிக்கு ஏற்பக் கூடும். காற்று சீராக வீசாமல் கட்டி கட்டியாக வீசினால், அதே நிறை அதிகமாக ஒளிரும். சீரான காற்று என்று எடுத்துக்கொண்டவருக்கு இழப்பு பெரிதாகத் தெரியும். அடர்த்திக்கு நேர்விகிதமாக மாறும் புறஊதா பாஸ்பரஸ் கோடுகள் 2006 வாக்கில் மிகக் குறைந்த எண்களைக் காட்டியபோதுதான் பலருக்கு உறைத்தது. கட்டிகளுக்கு இடையே ஒளி நழுவிப் போவதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்கள் கொஞ்சம் ஏறும். மொத்தத்தில் பழைய மதிப்பில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள். பழைய எண்ணை அப்படியே விண்மீனின் பரிணாமக் கணக்கில் போட்டு, அதன் வெளி அடுக்குகளைச் சீக்கிரமே உரித்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்! முறையைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

2015-இல் கண்டறிந்த ஈர்ப்பலையை உண்டாக்கிய இரண்டு கருந்துளைகள் அவ்வளவு பெரிதாக இருந்தது ஏன்?

ஒவ்வொன்றும் சுமார் 30 சூரிய நிறை. உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாம்) குறைந்த விண்மீனில் ஒளிக்குப் பிடிமானம் குறைவு, காற்றும் பலவீனம். கடைசியில் மிஞ்சுவது அதிகம். பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது.

திருவாதிரை 2019-இல் மங்கியதும் இந்தக் காற்றாலா?

இல்லை. அது சிவப்பு மீப்பெரு விண்மீன். அதன் காற்று நொடிக்குப் பத்து, பதினைந்து கி.மீ.தான், இயக்கும் விசையும் வேறு. வெளியேறிய வாயு குளிர்ந்து தூசியானதும் மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்ததும் சேர்ந்து மங்க வைத்தன. மறுபடியும் அதேதான்: முதலில் வகையைப் பாருங்கள்.

1840-களில் எட்டா கரினே என்ற பெருநிறை விண்மீன் எவ்வளவு வாயுவை உமிழ்ந்தது?

பத்து சூரிய நிறைக்கு மேல். அயனிகள் நிறமாலைக் கோடுகளில் விழுங்கும் ஒளியை மட்டும் நம்பி அவ்வளவையும் தள்ள முடியாது. அது வெடிப்புக் கணக்கில் சேரும்.