சைக்கிளில் இன்ஜின் பொருத்தி 1910களின் ரேஸ் பைக் மாதிரி செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகச் செய்யலாம். சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இதுதான் வேலை, வீட்டில் திட்டும் நிற்கவில்லை.

நீங்கள் கேட்கும் அந்தத் தோற்றம், அதாவது கீழே வளைந்த ஹேண்டில்பார், மேல் பாருக்கு அடியில் தொங்கும் நீள டேங்க், மட்கார்டு இல்லாத சக்கரம், எல்லாமே அமெரிக்காவில் மரப்பலகை ஓடுதளங்களில் பறந்த இந்தியன், எக்ஸெல்சியர், ஹார்லி என்ற கம்பெனிகளின் ரேஸ் வண்டிகளுடையது. அவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. 1912இல் நியூவார்க்கில் எடி ஹாஷா என்ற பந்தய வீரரின் வண்டி பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் அவரோடு சேர்த்துப் பலர் செத்தார்கள். அதனால் தோற்றத்தை மட்டும் காப்பி அடியுங்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க்கோ டிரம்மோ போடாமல் இன்ஜினைத் தொடவே வேண்டாம், நம் ஊர் 28 இஞ்ச் சைக்கிளின் கம்பி பிரேக் இந்த வேகத்துக்குத் தாங்காது.

இன்ஜினுக்குப் பெரும்பாலானோர் வாங்குவது சீன டூ ஸ்ட்ரோக் கிட், அதாவது சைக்கிளில் மாட்ட இன்ஜினோடு வரும் பாகங்களின் செட். 80 சிசி என்று விற்பது உண்மையில் 66 சிசிதான். பெடல் மிதித்து வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும், இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

வித்தை எல்லாம் பின்சக்கரத்தில்தான். கிட்டோடு வரும் பெரிய பல்சக்கரம் ரப்பர் வளையங்களுக்கு நடுவே ஸ்போக்குகளைக் கவ்விக்கொண்டு ஒன்பது போல்ட்டில் நிற்கும், அது 36 ஸ்போக் சக்கரத்துக்குச் செய்தது. நம் 28 இஞ்ச் சைக்கிளின் பின்சக்கரத்தில் இருப்பதோ 40. பட்டறைக்காரர் எப்படியாவது மாட்டிக் கொடுத்துவிடுவார், ஆனால் ஸ்போக் ஒவ்வொன்றாக அறுபடும். 36 துளை ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பாகம்) ரிம்மும் போட்டு சக்கரத்தைப் புதிதாகக் கோர்த்துவிடுங்கள், அல்லது ஹப்பையே நேரடியாகப் பிடிக்கிற அடாப்டர் வாங்குங்கள், நான் இரண்டாவது கட்சி. மாட்டியதும் ஒரு கம்பியை ஃபிரேமில் கட்டி அதன் நுனி பல்லை உரசாமல் உரசுகிற மாதிரி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள், எங்கே இடைவெளி கூடிக் குறைகிறதோ அங்கே போல்ட்டைத் தளர்த்தி மரச்சுத்தியால் தட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி சுற்றி, இப்படியே பொறுமை போகும்வரை. கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். செயினை இறுக்கும் உருளையை ஃபிரேமில் வெறும் கிளாம்ப் போட்டு விடாதீர்கள், அதிர்வில் அது திரும்பி ஸ்போக்குக்குள் புகுந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

டேங்க், பெயிண்ட், தோல் சீட் எல்லாம் உங்கள் ரசனை, அதற்கு நான் எதற்கு.

அப்புறம் சட்டம். 25 சிசியைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு, காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் வேண்டும், வீட்டில் செய்ததற்குப் பதிவு வாங்குவது குதிரைக்கொம்பு. டேங்குக்குள் பேட்டரியை ஒளித்து எலக்ட்ரிக்காகச் செய்பவர்களும் உண்டு. 250 வாட்டுக்குக் கீழே, 25 கி.மீ. வேகத்துக்குக் கீழே என்றால் விதிகளில் விலக்கு இருக்கிறது, ஆனால் அதற்கும் சோதனை நிறுவனத்தின் சான்று கேட்பார்கள். நான் ஓட்டுவது சித்தப்பாவின் தென்னந்தோப்புக்குள்தான். உங்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிட்டை ஆர்டர் போடுங்கள்.