பெட்டியில் 1200, கணினியில் 35: பவர்லைன் அடாப்டர் எங்கே சறுக்குகிறது?

கேள்வி: கீழ்த்தளத்தில் ரவுட்டர், மாடியில் கணினி. நடுவே, வீட்டு மின்கம்பி வழியே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் ஜோடி, 1200 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டது. ரவுட்டரில் நேராகக் கேபிள் செருகினால் 200 வருகிறது. மாடியில் 35-ஐத் தாண்டுவதில்லை. சாயங்காலம் விளக்கு போட்டபின் இணைப்பு அடிக்கடி அறுந்தும் போகிறது. அடாப்டரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ‘விளக்கு போட்டபின்’ என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்த 1200-ஐ மறந்துவிடுங்கள். போவதும் வருவதும் ஒரே கம்பியில் மாறி மாறித்தான். அந்த எண்ணோ இரு திசையையும் கூட்டிப் போட்ட ஏட்டுக் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு கையில் கிடைத்தாலே நல்ல வயரிங். ஆனால் 35 என்பது அந்தக் கணக்கிலும் ரொம்பக் குறைவு.

இரண்டு அடாப்டர்களையும் ஒரே அறையில், அடுத்தடுத்த சுவர் பிளக்குகளில் செருகுங்கள். கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. இங்கே 200 வந்தால் அடாப்டர்கள் நலம், கோளாறு வீட்டு வயரிங்கில். 94 பக்கத்தில் வந்து அசையாமல் நின்றால் ஏதோ ஒரு போர்ட் 100 எம்பிபிஎஸ் உடையது, அல்லது லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒரே அறையிலும் 35-தான் என்றால் அடாப்டர்மேல் சந்தேகப்படலாம்.

அறையில் நன்றாக ஓடியதென்றால் மாடி அடாப்டரை அதன் இடத்துக்குக் கொண்டுபோங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ் எதிலும் செருகக் கூடாது, நேராகச் சுவரில்தான். மின்னோட்டம் நொடிக்கு 50 அல்லது 60 முறை அலைகிறது, அடாப்டரின் சிக்னலோ 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வடிகட்டி அந்த உயர் அலையைக் குப்பை என்று நினைத்து விழுங்கிவிடும். அடாப்டர் சுவரில் இருந்தாலும் பக்கத்துப் பிளக்கில் ஒரு ஸ்பைக் பஸ்டர் இருந்தால் போதும், சிக்னல் இளைத்துப்போகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்தது இரைச்சல், அதாவது சிக்னலைக் குழப்பும் வேண்டாத மின் அலைகள். எல்இடி விளக்கின் டிரைவர் (உள்ளிருக்கும் மின்சுற்று), டிம்மர், மலிவான செல்போன் சார்ஜர், மோட்டார் இவையெல்லாம் கம்பியில் இரைச்சலைக் கொட்டும். அது எந்த முனையில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கீழே ரவுட்டரில் கேபிளால் இணைத்த ஒரு லேப்டாப், மாடிக் கணினி இரண்டிலும் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ஓட்டி இரு திசையிலும் அளந்து பாருங்கள். இரைச்சல் கெடுப்பது கேட்கும் காதை, பேசும் வாயை அல்ல. கீழிருந்து மாடிக்கு வருவது மட்டும் மெதுவென்றால் குற்றவாளி மாடியில். தலைகீழாக இருந்தால் ரவுட்டர் பக்கம்.

பிறகு ரவுட்டருக்குத் தொடர் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) விட்டுவிட்டு, அந்தப் பக்கத்துக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். கருவியின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; அதன் வடிகட்டி சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கலாம். உங்கள் வீட்டில் விளக்குகளிலிருந்து தொடங்குவதுதான் முறை. எந்த விளக்கு எரியும்போது பிங் தாறுமாறாகிறதோ, அந்தப் பல்பை மாற்றுங்கள். சார்ஜர் என்றால் அடாப்டரின் முகப்பிலேயே பிளக் துளை இருக்கும் மாடலில், அந்தத் துளையில் செருகலாம். அங்கே இரைச்சல் வடிகட்டி வைத்திருப்பார்கள்.

எர்த்தையும் பாருங்கள். 1200 வகை மாடல்கள் பெரும்பாலும் எர்த் கம்பியையும் சிக்னலுக்குப் பயன்படுத்தும். பிளக் பாயின்டில் எர்த் இல்லாவிட்டால் இரண்டு கம்பியோடு சுருங்கி வேகம் விழும். இது வேகத்தோடு முடிகிற விஷயமல்ல, ஷாக் அடிக்கிற விஷயம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். மூன்று பேஸ் வீடென்றால் மாடியும் கீழ்த்தளமும் வெவ்வேறு பேஸில் இருக்கலாம். அப்போது சிக்னல் பக்கவாட்டில் கசிந்துதான் தாவும். அதே பேஸில் உள்ள வேறு பாயின்டைத் தேடுவதே எளிது.

கணினி சும்மா இருந்தபின் மட்டும் இணைப்பு போனால் அது வேறு கதை: அடாப்டர் தூங்கப்போகிறது. அதன் மென்பொருளில் மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

இரண்டு அடாப்டர்களும் ஒன்றையொன்று அடையாளமே காணாவிட்டால் ரீசெட் செய்து, ஒரே அறையில் வைத்து, ஒன்றின் ஜோடி சேர்க்கும் ‘Pair’ பட்டனையும் இரண்டு நிமிடத்துக்குள் மற்றதன் பட்டனையும் அழுத்துங்கள். பிறகு எந்தப் பிளக்குக்கு மாற்றினாலும் ஜோடி கலையாது. வாங்கியதிலிருந்து இதைச் செய்யவே இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள். தொழிற்சாலையில் பொதுவாக வைத்த கடவுச்சொல்லோடே இருந்தால், சிக்னல் எட்டுகிற பக்கத்து வீட்டு அடாப்டரும் உள்ளே நுழையலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் புது ஜோடி வாங்குவதென்றால் வகையைப் பார்த்து வாங்குங்கள். ஹோம்பிளக் ஏவி2, ஜி.எச்.என் என்ற இரண்டு பவர்லைன் தொழில்நுட்ப வகைகளும் ஒன்றோடொன்று பேசாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.