காற்றுக்கென்றே வகுத்த மைதானம்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, சொல்லிவைத்த மாதிரி காற்றைப் பற்றியே கேட்கின்றன. கிண்டியில் பதினாலு வயதில் கோல்ஃப் பை தூக்கப் போய், பிறகு ஆடி, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் வேறு இல்லை.

கேள்வி: டிவியில் பிரிட்டிஷ் ஓபன் பார்க்கிறேன். மரமே இல்லாத மொட்டை வெளி, பேய்க்காற்று. எங்கள் ஆரல்வாய்மொழியில் காற்றாலை நடுகிற மாதிரி இடத்தில் போய் யாராவது மைதானம் அமைப்பார்களா?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: ஆட்டமே அப்படிப்பட்ட இடத்தில்தான் வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே ஏர் பூட்ட லாயக்கில்லாத மணல் பூமி உண்டு. 'லிங்க்ஸ்' என்பார்கள். மணலை மேடும் பள்ளமுமாகக் குவித்தது காற்று. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்களே பின்னாளில் பங்கர்கள், அதாவது பந்தைச் சிக்கவைக்கும் மணல் பள்ளங்கள் ஆயின என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸைப் பாருங்கள். ஊரிலிருந்து கிளம்பி ஈடன் கழிமுகம் வரை போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஊருக்கே திரும்பும் பாதை. போகும்போது முகத்தில் அறைந்த காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும். பல கிரீன்களின் (துளையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முன்பக்கத்தில் தடுப்பு இல்லை. காற்றுக்குப் பயந்து தாழ்வாக அடித்தவனும் பந்தை உருட்டியே ஏற்றிவிடலாம். பங்கர்களோ கிணறு மாதிரி. சுவரைப் புல்பத்தைகளை அடுக்கி எழுப்பியிருப்பார்கள். வாயை அகலமாக விட்டால் உள்ளே இருக்கும் மணலைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும்.

ஒருமுறை அங்கே ஆடக் கொடுத்துவைத்தது. 11-ஆவது குழி, கழிமுகத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து துளை வரையுள்ள பாதை முழுவதையுமே குழி என்போம்.) நான் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வந்த கேடி (பை தூக்கி வந்து யோசனையும் சொல்பவர்), வயதானவர், என் தோளைத் தொட்டுத் திருப்பிக் கழிமுகத்துத் தண்ணீரைக் காட்டினார். தண்ணீர்மேல் கருப்பாக ஒரு சுருக்கம் எங்களை நோக்கி ஓடி வந்தது. அது கரையைத் தொட்டு, என் சட்டையில் மோதி, அடங்கும்வரை கையமர்த்தினார். அப்புறம்தான் தலையசைத்தார். அந்த அரை நிமிடத்தில் நான் கற்றது அதிகம்.

அதே ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் வேறு யோசனை. முதல் 9 குழிகள் வெளிவட்டமாகக் கடிகாரச் சுற்றில் போகும்; அடுத்த 9 குழிகள் உள்வட்டமாக எதிர்ச் சுற்றில். இதனால் காற்று எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் சற்று நேரத்துக்கொரு முறை ஆளின் வேறொரு பக்கத்தில் அடிக்கும். 2002 பிரிட்டிஷ் ஓபன், மூன்றாம் நாள், அங்கே மழையும் காற்றுமாகப் பிடித்துக்கொண்டதில் டைகர் உட்ஸுக்கு 18 குழிகளை முடிக்க 81 அடி பிடித்தது. அடி குறைந்தால்தான் ஜெயம் என்கிற ஆட்டத்தில் இது படுமோசம். அன்றைக்கு உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் அவர்.

அமெரிக்காவில் 1991-இல் திறந்த கீயவா தீவின் ஓஷன் கோர்ஸையும் சொல்ல வேண்டும். வடிவமைத்தவர் பீட் டை. எல்லா இடத்திலிருந்தும் கடல் தெரியட்டும், தரையை உயர்த்துங்கள் என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ் டை. உயர்த்தினார்கள். கடலும் தெரிந்தது, காற்றும் தடையில்லாமல் உள்ளே வந்தது.

கேள்வி: ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தில் 8-ஆவது குழி 123 கஜம்தானாமே. அதற்கா பெரிய ஆட்டக்காரர்கள் நடுங்குகிறார்கள்?
- மதுரை வாசகி

பதில்: நடுங்கத்தான் வேண்டும் அம்மா. ஓபன் நடக்கும் மைதானங்களில் மிகக் குட்டையான குழி அதுதான். பெயரே 'போஸ்டேஜ் ஸ்டாம்ப்', தபால்தலை. கிரீன் அவ்வளவு சிறிது. மணல்மேட்டின் பக்கவாட்டில் செதுக்கியிருக்கிறார்கள், சுற்றிலும் 5 பங்கர்கள். காற்றில்லாத நாளில், குறைந்த தூரத்துக்கு உயரமாக அடிக்கிற வெட்ஜ் மட்டையை எடுத்து மெதுவாகத் தூக்கிப் போட்டால் போதும்.

1950-இல் ஹெர்மன் டிசீஸ் என்ற ஜெர்மானிய அமெச்சூர் இந்த ஒரு குழிக்கு 15 அடி எடுத்தார். 1973-இல் 71 வயது ஜீன் சாரசென் 5-ஆம் நம்பர் அயர்ன் மட்டையால் ஒரே அடியில் குழிக்குள் விழுத்தினார். (நம்பர் குறையக் குறைய மட்டை பந்தைத் தாழ்வாக, தொலைவுக்கு அனுப்பும்.) 123 கஜத்துக்கு 5-ஆம் நம்பர்! மறுநாள் பங்கரில் விழுந்தும், அங்கிருந்தே நேராகக் குழிக்குள் அனுப்பி 2 அடியில் முடித்தார். இதே ட்ரூனில் 1923-இல், இளமையின் உச்சத்தில், புயல் மாதிரிக் காற்றில் சிக்கித் தகுதிச் சுற்றிலேயே வெளியேறியவர் அவர். 50 ஆண்டு கழித்து அந்த மண்ணில் அந்த அடி. எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கேள்வி: கிரீனில் நிற்கும் பந்தைக் காற்று உருட்டிவிட்டால் யாருக்குத் தண்டம்?
- திருச்சி வாசகர்

பதில்: யாருக்கும் இல்லை. பந்து கிடந்த இடத்தைக் குறியிட்டு, பந்தை எடுத்துத் திரும்ப வைத்த பிறகு காற்று நகர்த்தினால், பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இது 2019-இல் வந்த விதி. எடுக்காமலே இருந்து உருண்டால், போய் நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும். 2015 ஓபனில் நான் சொன்ன அந்த 11-ஆவது கிரீனில்தான் பந்துகள் நிற்காமல் உருண்டன. சனிக்கிழமை ஆட்டத்தைப் 10 மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள். போட்டி திங்கள்கிழமைதான் முடிந்தது. கடலோரத்தில் கிரீன் புல்லை ஒட்ட வெட்டாமல் விடுவதும் இதற்காகத்தான்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, கோல்ஃப் கற்கிறாள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பந்து மேலே ஏறி, நின்று, முன்னாலேயே விழுந்துவிடுகிறது. இன்னும் பலமாக அடிக்கச் சொல்லட்டுமா?
- கோவை வாசகர்

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். பலமாக அடித்தால் பந்து பின்னோக்கி இன்னும் வேகமாகச் சுழலும். அந்தச் சுழற்சிதான் பந்தைத் தூக்குகிறது. எதிர்க்காற்று சேரும்போது தூக்கும் விசையும் கூடும், இழுவையும் கூடும். குழந்தை பார்ப்பது அதைத்தான்: பலூன் மாதிரி எழுந்து செத்து விழும் பந்து.

போனதில் இழந்ததைத் திரும்பும்போது பின்காற்றில் பிடித்துவிடலாம் என்றும் நம்ப வேண்டாம். கேடிகளின் கணக்கு இது: மணிக்கு 10 மைல் எதிர்க்காற்று தூரத்தில் சுமார் 10 சதவீதத்தைத் தின்னும், அதே வேகப் பின்காற்று 5 சதவீதம்தான் கொடுக்கும்.

கிண்டியில் மதியத்துக்கு மேல் கடல்காற்று இறங்கும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே சொல்கிறேன். 7-ஆம் நம்பர் அடிக்கிற தூரத்துக்கு 5-ஐ எடுக்கட்டும். பிடியைச் சற்றுக் கீழே இறக்கி, பந்தை வலது காலுக்கு ஒரு பந்தளவு நெருக்கி வைத்து, முக்கால் வீச்சில் நிதானமாக அடிக்கட்டும் (இடக்கைக்காரியாக இருந்தால் இடது கால்). புல்லைக் கிள்ளிப் போட்டு மட்டும் காற்றைப் பார்க்க வேண்டாம். அது இடுப்பு உயரத்துக் காற்று. பந்து போகிற உயரத்தில் என்ன நடக்கிறது என்பதை மர உச்சி சொல்லும். முதல் வாரம் பந்து எங்கே விழுந்தது என்று அவளைக் கேட்காதீர்கள். எவ்வளவு தாழ்வாகப் போனது என்று மட்டும் கேளுங்கள்.